அந்த மண் எங்கே போனது? பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

புவியியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

கடலோர நிலத்தோற்றங்கள் பற்றிய பாடத்தை இருபது வருடத்துக்கும் மேலாக நடத்தி வருகிறேன். வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் அரித்தலால் உண்டாகிறவை: ஓங்கல் (கடலோரச் செங்குத்துச் சரிவு), அலை அரிமேடை, குகை, வளைவு, தூண். அப்புறம் படிதலால் உண்டாகிறவை: கடற்கரை, மணல் திட்டு, நீண்டு வளரும் திட்டு, காயல். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி, ஒரு படம். தேர்வில் 'கடல் தூண்: குறிப்பு வரைக' என்று கேட்பார்கள். பிள்ளைகள் அந்த மூன்று வரியை எழுதுவார்கள், நானும் இரண்டு மதிப்பெண் போடுவேன். யாருக்கும் குறையில்லை.

போன வருடம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். "சார், ஓங்கலை அலை அரிக்குதுன்னு சொன்னீங்கல்ல. அரிச்ச மண்ணு எங்க சார் போச்சு?"

புத்தகத்தைப் புரட்டினேன். அரித்தல் ஒரு பக்கத்தில் இருக்கிறது, படிதல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மண் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஓதங்களை, அதாவது கடல் மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவதைப் பற்றிய பாடமோ கடல்கள் என்ற வேறொரு அத்தியாயத்தில், நிலாவோடும் சூரியனோடும் தனியாகக் கிடக்கிறது. கரைக்கும் ஓதத்துக்கும் ஏதோ பேச்சுவார்த்தையே இல்லாததுபோல. அடுத்த பதிப்பில் இதைச் சரிசெய்யுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

படத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் படத்தில் அலைகள் அம்புக்குறிகளாக நேராக வந்து கரையில் முட்டுகின்றன. அதைப் பார்க்கும் பிள்ளை, நடுக்கடலிலிருந்து தண்ணீர் ஓடிவந்து மோதுகிறது என்றுதான் நினைக்கும். ஆழமான கடலில் ஓர் அலை கடக்கும்போது நீர்த்துளி ஒரு வட்டம் அடித்துவிட்டு ஏறக்குறைய இருந்த இடத்துக்கே வந்துவிடுகிறது. காற்று கொடுத்த ஆற்றல்தான் பயணம் போகிறது. இரண்டு அலை முகடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறைந்ததும் அலை தரையை உணர ஆரம்பிக்கிறது. வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் ஒன்றேகால் மடங்குக்கு இறங்கும்போது அலை நிற்க முடியாமல் உடைகிறது. கரையில் வேலை நடப்பது அங்கிருந்துதான்.

வேகம் குறைவது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. கைகோத்து வரிசையாக நடந்துவரும் கூட்டத்தில் ஒரு முனையிலுள்ளவர்கள் சேற்றில் கால் வைத்தால் வரிசை எப்படி வளையுமோ, அப்படித்தான் அலையும் வளைகிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைக்கு முன்னால் ஆழம் முதலில் குறைவதால், அலைகள் இருபுறமிருந்தும் அதன்மீது திரும்பிக் குவிகின்றன. பக்கத்துக் குடாவுக்குள் அதே ஆற்றல் பரந்து மெலிந்துபோகிறது. முனை தேய்வதும் குடாவில் மணல் சேர்வதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். நீங்கள் அவற்றை இரண்டு தலைப்புகளில் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள்.

இப்படி வளைந்தும் அலை முழுக்க நேராகிவிடுவதில்லை. சற்றே சாய்வாகத்தான் கரையைத் தொடுகிறது. அந்தச் சாய்வுதான் பையனின் கேள்விக்குப் பதில்.

உடைந்த அலையின் நீர் மணல்மேல் சாய்வாக ஏறும். ஏறிய நீர் திரும்பும்போது சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், அதாவது நேராகக் கீழே இறங்கும். கணுக்கால் நனைய நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். திரும்பும் நீர் குதிகாலைச் சுற்றி மணலைப் பறித்துக்கொண்டு போகும், நின்ற இடத்திலேயே கால் இறங்கும். கூழாங்கல் கரையாக இருந்தால் கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கடகடவென்று உருளும் சத்தம் கேட்கும். அந்தக் கல்லில் ஒன்றை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். சாய்வாக ஏறும், நேராக இறங்கும், மறுபடி சாய்வாக ஏறும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அலை! கொஞ்சம் கற்களுக்கு வண்ணம் பூசிப் போட்டுவிட்டு மறுநாள் போய்த் தேடினால், போட்ட இடத்தில் இருக்காது. ஆய்வாளர்களும் இந்த வழியைக் கையாள்வது உண்டு. உடையும் அலைகளுக்குள் கலங்கிய மணலை, கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் இதைவிட வேகமாக இழுத்துச் செல்கிறது.

ஆக, கடற்கரை என்பது மணல் குவிந்து கிடக்கும் இடம் இல்லை, மணல் போய்க்கொண்டிருக்கும் வழி. ஓர் இடத்தில் வருகிற மணலும் போகிற மணலும் சமமாக இருக்கும்வரை கரை அசையாமல் இருப்பதுபோலத் தோன்றும்.

இதைக் காட்ட ஒரே ஒரு வரைபடம் போதும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹோல்டர்னெஸ் என்று ஒரு பகுதி. பனியாறுகள் விட்டுப்போன களிமண் ஓங்கல்கள். ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவுக்குக் கடல் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. ரோமானியர் காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் அங்கே ஏறக்குறைய 30 ஊர்கள் கடலுக்குள் போயிருக்கின்றன. சரி, அந்த மண் எங்கே போனது? நுண்ணிய களிமண் கலங்கலாக மிதந்து தொலைவுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு தெற்கேயுள்ள ஹம்பர் ஆற்றுக் கழிமுகத்தின் சேற்றுவெளிகளில் படிகிறது. மணலும் கூழாங்கல்லும் கரையை ஒட்டித் தெற்கே நகர்ந்து, கரை சட்டென்று உள்ளே திரும்பும் இடத்திலும் நிற்காமல் நேரே போய், 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஸ்பர்ன் திட்டாக ஆற்றுவாய்க்குக் குறுக்கே நீண்டிருக்கின்றன. வடக்கே இடிந்த வயல்தான் தெற்கே திட்டாக எழுந்து நிற்கிறது.

அந்தத் திட்டும் நிலையானது இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து மணல்மேட்டில் ரேவன்சர் ஆட் என்ற துறைமுக ஊர் எழுந்தது. 14-ஆம் நூற்றாண்டிலேயே அது கடலுக்குள் போய்விட்டது. 2013 டிசம்பரில் புயலால் பொங்கிய கடல் ஸ்பர்னின் இடுப்பை அறுத்துவிட்டது. இப்போது ஓதத்தின் பெரிய ஏற்றம் வரும்போதெல்லாம் அதன் முனை தீவாகிவிடுகிறது.

இதே கரையில் மேப்பிள்டன் என்ற சிற்றூரைக் காப்பாற்ற 1991-ல் இரண்டு பாறைத் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்கள், கட்டினார்கள். ஊர் பிழைத்தது. தெற்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தத் தூண்டில் வளைவுகளில் சிக்கி நின்றதால், அதற்குத் தெற்கே இருந்த வயல்களும் பண்ணையும் முன்னைவிட வேகமாக இடிந்தன. சென்னைத் துறைமுகத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவர் எழுப்பியபோதும் இதே கதைதான்: தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை தேய்ந்தது. வங்கக் கடலின் அந்தக் கரையில் மணல் பருவத்துக்குப் பருவம் திசை மாறி நகர்ந்தாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிற மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் நூலில் 'கரையைப் பாதுகாக்கும் முறைகள்' என்ற பெட்டிச் செய்தியில் அதை ஒரு நன்மையாக மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்தவர்கள்தான் நாளைக்குப் பொறியாளராகவும் அதிகாரியாகவும் உட்காரப்போகிறார்கள்.

அடுத்து ஓதம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடத்தில் மிகவும் கைவிடப்பட்டது இதுதான்.

நிலாவின் ஈர்ப்பால் கடல் ஏறும், இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சூரியனும் சேர்ந்துகொள்வதால் ஏற்றம் பெரிதாக இருக்கும். இவ்வளவையும் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதையும் சொல்வார்கள். அதனால் கரைக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். நான் வகுப்பில் இப்படிச் சொல்கிறேன்: அலை கொத்தனாரின் உளி, ஓதம் அவர் நிற்கும் சாரம். சாரத்தை எந்த உயரத்தில் கட்டுகிறோமோ அந்த உயரத்தில்தான் உளி விழும். நீர் வற்றியிருக்கும்போது அலை தொலைவில், தாழ்வான மணலில் உடைந்து ஓய்ந்துவிடும். ஏற்றத்தின் உச்சியில் அதே அலை ஓங்கலின் அடிவாரத்தையே தொடும்; பாறை வெடிப்புகளில் காற்றை அடைத்து நெருக்கும், கூழாங்கற்களைத் தூக்கி அடிக்கும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கரைக்குக் கரை மாறுகிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் சில பத்து சென்டிமீட்டர்தான். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அது 16 மீட்டர் வரை போகிறது, ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். அந்த வளைகுடாவுக்குள் நீர் ஒருமுறை ஊசலாடித் திரும்ப எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஓத இடைவெளிக்குச் சமம். ஊஞ்சலை அது திரும்பும் கணத்தில் தள்ளிவிட்டால் உயரம் ஏறிக்கொண்டே போகுமே, அதுபோல. அங்கே ஹோப்வெல் என்ற இடத்தில் கடல் தூண்கள் கழுத்துப் பகுதியில் ஒடுங்கி, தலையில் மரங்களோடு பூந்தொட்டி போல நிற்கின்றன. நீர் வற்றியபோது கடலின் தரையில் அவற்றைச் சுற்றி நடந்து வரலாம். சில மணி நேரத்தில் அதே இடத்தில் படகு ஓடும். கடல் தூணுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஒரே தூணை இரண்டு நேரத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலே போதும்.

வேறுபாடு சிறியதாக இருந்தால் அலைதான் எஜமானர். ஒரே குறுகிய பட்டையில் இரவும் பகலும் வேலை செய்து, மணலைக் கரைக்கு இணையாக நீளும் தடுப்புத் தீவுகளாகக் கட்டிவிடும். டெக்சாஸ் கரையோரமாக 180 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டுகிடக்கும் பாட்ரே தீவு அப்படிப்பட்டது. வேறுபாடு நடுத்தரமாக இருக்கும் நெதர்லாந்து, ஜெர்மனி பகுதியில் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரும் நீர் உள்ளே வெளியே போய்வர வேண்டியிருப்பதால், தீவுகள் துண்டு துண்டாக நிற்கின்றன. பின்னால் வாடன் கடலின் சேற்றுவெளி விரிகிறது. வேறுபாடு மிகப் பெரிதானால் தடுப்புத் தீவுகளுக்கு இடமில்லை, புனல் போல விரியும் கழிமுகங்களும் அகன்ற சேற்றுப்பரப்பும்தான். பாடநூலில் காயல், திட்டு, சேற்றுவெளி மூன்றும் தனித்தனியாக வருகின்றன. ஏன் ஓரிடத்தில் இது, இன்னோரிடத்தில் அது என்பதற்கு ஓத வேறுபாடுதான் பெரிய காரணங்களில் ஒன்று.

ஓதம் மண்ணையும் சுமக்கிறது. ஆழம் குறைந்த கழிமுகங்களில் பல இடங்களில் நீர் ஏறும் வேகம் இறங்கும் வேகத்தைவிட அதிகம். உள்ளே வந்த வண்டல், நீர் திரும்புமுன் சற்று நேரம் அசையாமல் நிற்கும்போது படிந்துவிடும். இறங்கும் நீருக்கு அதை முழுக்கத் தூக்கிப்போகத் தெம்பு இருக்காது. பிரான்ஸின் மோன் செயின்ட் மிஷேல் பாறைத்தீவுக்கு 1879-ல் மண்ணால் ஒரு சாலை போட்டார்கள். சாலையும் அக்கம்பக்கத்தில் நடந்த நில மீட்பும் ஆற்றைக் கட்டியதும் சேர்ந்து நீரோட்டத்தைத் தடுக்க, வண்டல் ஏறி ஏறித் தீவு நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் நிலை வந்தது. கடைசியில் குவெஸ்னோன் ஆற்றில் 2009-ல் ஒரு புது அணை கட்டி, ஏற்றத்தின்போது நீரைத் தேக்கி, வற்றத்தின்போது திறந்துவிட்டு வண்டலைக் கழுவ ஆரம்பித்தார்கள். 2014-ல் பழைய சாலைக்குப் பதில் தூண்கள் மேல் நிற்கும் பாலம் வந்தது. ஒரு சாலைக்காக ஓதத்தோடு நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட, ஹால்சாண்ட்ஸ் கதைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். அலை, ஓதம், மணல் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் கதை அது.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஒரு மீனவர் ஊர். பாறை விளிம்பில் வீடுகள், வீடுகளுக்கு முன்னால் அகன்ற கூழாங்கல் கரை. 1897-ல் கடற்படைத் துறைமுக விரிவாக்கத்துக்குச் சரளைக்கல் தேவைப்பட்டது. கரைக்கு அப்பால் கடலடியிலிருந்து தோண்டி எடுக்க அனுமதி கொடுத்தார்கள். எடுத்த இடத்தைக் கடல் தானே நிரப்பிவிடும் என்பது கணக்கு. ஊர்க்காரர்கள் அப்போதே ஆட்சேபித்தார்கள். சில வருடங்களில் கரை பல அடி தாழ்ந்துபோயிற்று. 1902-ல் அனுமதியை ரத்து செய்தபோது ஏறக்குறைய 6,50,000 டன் கல் போய்விட்டிருந்தது.

கடல் ஏன் நிரப்பவில்லை? அந்தக் கல் வந்துகொண்டிருந்த கல் இல்லை. பனியுகத்தின் முடிவில் பெரும் பனிப்பாளங்கள் உருகி உலகக் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் ஏறியது. அந்த ஏற்றத்தில் கடல் தன் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்த பழைய சேமிப்பு அது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல்மட்ட ஏற்றம் தணிந்த பிறகு அந்தக் கணக்கில் புது வரவு எதுவும் இல்லை. இருப்பை எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்.

1917 ஜனவரி 26-ஆம் தேதி கிழக்கிலிருந்து புயல் வந்தது. பெரிய ஏற்றமும் சேர்ந்துகொண்டது. முன்பு அகன்ற கரையில் உடைந்து ஓய்ந்திருக்க வேண்டிய அலைகள் வீட்டுச் சுவரிலேயே உடைந்தன. உயிர்ச்சேதம் இல்லை. அந்த வருடக் கடைசியில் குடியிருக்கத் தகுந்த வீடாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

இந்தக் கதையைச் சொன்ன அன்று வகுப்பில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ஒன்று, கரை பருவத்துக்குப் பருவம் மெலிவதும் பருப்பதும் இயல்பு. புயல் காலத்தின் செங்குத்தான அலைகள் மணலை உரித்துக் கடலுக்குள் திட்டாக வைக்கும். அமைதியான மாதங்களின் நீண்ட அலைகள் அதையே மெல்லத் திருப்பிக் கொண்டுவரும். புயல் முடிந்த மறுநாள் கரையைப் பார்த்துப் பதறிப்போய்க் கல் கொட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. கொட்டிய கல்சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டிவிட, திரும்பி வர வேண்டிய மணலுக்கு உட்கார இடமில்லாமல் போகிறது. இரண்டு, மணலின் பெரும் வரவு பல கரைகளில் ஆறுகளிலிருந்துதான். நைல் நதியில் அஸ்வான் உயர் அணை 1970-ல் முடிந்தபின் வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது, நைல் கடலில் சேரும் ரொசெட்டா முனையைக் கடல் வேகமாகத் தின்றது. ஆற்றுப் பாடத்திலிருந்து கடல் பாடத்துக்கு ஒரு பாலம் போட இதைவிட நல்ல இடம் கிடையாது.

சுவர் கூடாது என்று பாடநூல் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நகரமும் துறைமுகமும் இருக்கிற இடத்தில் கட்டித்தான் ஆக வேண்டும். 1953-ல் வட கடல் புயலும் பெரிய ஓதமும் சேர்ந்து வந்தபோது நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அந்த நாட்டிடம் போய்ச் சுவர் கட்டாதே என்று யார் சொல்வது? ஆனால் அதே நாடுதான் 2011-ல் தன் கரையோரம் 2 கோடியே 15 லட்சம் கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்துவிட்டு, பக்கத்துக் கரைகளுக்கு அதைப் பங்குபோடும் வேலையை அலையிடமும் காற்றிடமும் விட்டது. மணல் எஞ்சின் என்று பெயரும் வைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் யோசித்துக்கொள்வார்கள்.

இடையில் ஒரு சிரிப்பான சங்கதி, படத்துக்குக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் லண்டன் பாலம் என்று அழைக்கப்பட்ட கடல் வளைவு 1990 ஜனவரியில், இரண்டு பேர் அதன் மேல் நடந்து மறுமுனைக்குப் போயிருந்தபோது, அவர்களுக்குப் பின்னால் இடிந்து விழுந்தது. ஹெலிகாப்டர் வந்து மீட்டது. வளைவு தூணாக மாற ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். தயாராவதற்குத்தான் அவ்வளவு காலம். மாறுவது ஒரு நிமிட வேலை.

சரி, என் கோரிக்கை இதுதான். அரித்தல், படிதல் என்ற இரண்டு தலைப்பையும் எடுத்துவிட்டு, ஒரு மணல்துகளின் பயணமாக அந்தப் பாடத்தை எழுதிப் பாருங்கள். ஆற்றிலோ ஓங்கலிலோ தொடங்கட்டும். அலையோடு கரையோரம் நகரட்டும். வழியில் குடாவில் தங்கட்டும், திட்டில் சேரட்டும், ஓதத்தோடு கழிக்குள் போகட்டும், புயலில் கடலுக்குள் இறங்கி மறுபடி ஏறட்டும். இப்போதிருக்கும் எல்லாச் சொற்களும் அந்தப் பயணத்தில் தாமாகவே வந்துவிடும். ஓதப் பாடத்திலிருந்து ஒரு பத்தியாவது இங்கே இடம் மாறட்டும். படத்தில் அம்புகள் சாய்வாக இருக்கட்டும். தேர்வில் 'கடல் தூண்: குறிப்பு வரைக' என்பதற்குப் பதில், ஒரு கரையின் படம் கொடுத்து, இங்கே ஒரு தூண்டில் வளைவு கட்டினால் எந்தப் பக்கம் மணல் சேரும், எந்தப் பக்கம் குறையும் என்று கேளுங்கள்.

அந்தப் பையனுக்குப் பதில் சொல்வதற்காக ஓர் அகலமான தகரத் தட்டில் மணலைச் சரிவாகப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அடிக்கோலைச் சாய்வாகப் பிடித்து அலை எழுப்பிக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் மணல் ஒரு பக்கமாக நகர்ந்தது. நடுவில் ஓர் அழிப்பானைச் செருகினேன். ஒரு பக்கம் குவிந்தது, மறுபக்கம் பள்ளம் விழுந்து தகரம் தெரிந்தது. பையன் பள்ளத்தைக் காட்டி, "சார், அப்ப இந்தப் பக்கம் வீடு கட்டியிருக்கிறவங்க என்ன செய்வாங்க?" என்றான்.

உங்கள் குழு அடுத்து கூடும்போது அழைத்தால் அந்தத் தட்டைக் கொண்டுவருகிறேன். மணலும் என்னிடம் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரும், மேசை நனைந்தால் துடைக்க ஒரு துணியும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்